காலையில் பிடிக்காத டீசல் வான்: பம்பில் கைவைக்க முன் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். விசுவமடுவில் நிற்கும் உங்கள் டொயோட்டா டவுன் ஏஸ் வான், 2சி டீசல் எஞ்சின், மார்கழி பிறந்ததிலிருந்து விடியக்காலையில் பிடிக்க மாட்டேன் என்கிறது. நாலைந்து தரம் இழுத்த பிறகு பிடித்தாலும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு நிமிடம் குலுங்குகிறது. அதற்குப் பிறகு பொழுதுபடும் வரை சாவியைத் தொட்டாலே போதும். கராஜில் டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றிச் செய்ய 65,000 ரூபா ஆகும் என்றிருக்கிறார்கள். இதில் நீங்களே மாற்றக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. நீங்கள் சொன்ன குணத்தை வைத்துப் பார்த்தால் பம்பை விட, குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்க வைக்கும் ஹீற்றர் பிளக்கில்தான் எனக்குச் சந்தேகம். நாலும் புதிதாக நான் கடைசியாக வாங்கியபோது 9,000 ரூபாவுக்குள் முடிந்தது, வேலை அரை நாள். ஆனால் ஒன்று, கூலி மிச்சம் என்பதற்காக மட்டும் ஸ்பனரைத் தூக்காதீர்கள். பெரிய காசு போவது கூலியில் அல்ல, பிழையான சாமானை மாற்றுவதில். பம்பைச் செய்து 65,000 கட்டி, அடுத்த நாள் காலையும் அதே புகையோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். அதனால் முதலில் சோதனை, பிறகுதான் கடை.

2சி எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டனுக்கு மேல் பாய்வதில்லை. சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது, அதற்குள் பாய்ந்து, அங்கே பற்றி, பிறகுதான் சிலிண்டருக்குள் வருகிறது. டீசலைப் பற்ற வைப்பது பொறி இல்லை, காற்றை 22, 23 மடங்கு அமுக்கும்போது பிறக்கும் சூடு. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் அந்த அறையின் இரும்புச் சுவர் சூட்டை எல்லாம் குடித்துவிடும். அதனால்தான் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு ஹீற்றர் பிளக் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கத்து வளவில் மெசி 135 ட்ரக்டர் நின்றால் கவனித்திருப்பீர்கள், அது எந்தப் பனியிலும் இரண்டு சுற்றில் பிடித்துவிடும். அதில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் உள்ள குழியில் பாய்கிறது, சூடு வீணாவது குறைவு, ஹீற்றர் பிளக்கே கிடையாது. வன்னியில் என்ன குளிர் என்று சிலர் கேட்பார்கள். 2சிக்கு மார்கழி, தை மாத விடியல் தாராளமாகப் போதும், அதிலும் குளத்தங்கரைப் பக்கம் வான் நின்றால் சொல்லவே வேண்டாம்.

சரி, புகை என்ன சொல்கிறது என்று பாருங்கள். வெள்ளைப் புகை, மணந்தால் டீசல் மணம், எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். இதுதான் உங்கள் கதை. பம்ப் தேய்ந்தால் பெரும்பாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் பிடிக்கக் கஷ்டப்படும், ஏனென்றால் சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியால் ஒழுகிவிடும். உங்கள் வான் சூட்டில் உடனே பிடிக்கிறதே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. இழுக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை, அது வேறு நோய். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டில் அல்லது அதற்குக் கீழே உள்ள கஸ்கெட்டில் பிரச்சினை, அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

ஹீற்றர் பிளக்குக்கு வரமுன் இரண்டு சில்லறைச் சோதனை இருக்கிறது, காசே செலவில்லை. முதலாவது பற்றரி. இரவு முழுக்க நின்ற வானில் மீற்றரை வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2க்குக் கீழே என்றால் பாதி இறங்கிய பற்றரி. வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, இழுக்கும்போதும் பாருங்கள், 9.6க்குக் கீழே விழக்கூடாது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் காற்று சூடாகாது, ஹீற்றர் நன்றாக இருந்தாலும் பிடிக்காது. இரண்டாவது, டீசல் பில்டருக்கு மேல் இருக்கும் கை பம்ப். காலையில் சாவியைத் தொட முன் அதை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று அமுக்கில் இறுகினால் நல்லது. இருபது தரம் அமுக்கியும் மெத்தென்று இருந்தால் இரவில் எங்கேயோ காற்று உள்ளே இழுக்கிறது. பம்புக்குப் போகும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை இடையில் மாட்டி ஓட விட்டால், குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா இதைச் சேலைன் குழாயில் பார்ப்பார். 90களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் டீசலும் பற்றரியும் வருவதே அரிது, வண்டியைக் குளக்கட்டுச் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டித்தான் பிடிக்க வைப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு சாமானைக் கழற்ற முன் பத்துத் தரம் யோசிப்பார்கள், மாற்ற வேறு சாமான் கிடையாது. நான் பழகியது அந்த மனிதர்களிடம்தான், அதனால்தான் இன்றைக்கும் சோதிக்காமல் கழற்ற எனக்கு மனம் வராது.

இப்போது பிளக்குக்கு வருவோம். உங்கள் வானில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கினால் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் வரிசையாகத் தெரியும், அவற்றுக்குப் பக்கத்தில் ஹெட்டில் நாலு பிளக். நாலின் தலையையும் இணைத்து ஒரு தட்டையான தகடு ஓடும், அதில் ஒரு தடித்த வயர் வந்து ஏறும். முதலில் அந்தத் தகட்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சாவியைப் போட்டதும் பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் றிலே டிக் என்று அடிக்கும், தகட்டில் மீற்றரை வைத்தால் பற்றரி வோல்ட்டுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பிளக்கைக் குறை சொல்லாதீர்கள், றிலே, பியூஸ், வயர் என்று தேடுங்கள். டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணைகிறதே, அதை நம்பி இருக்க வேண்டாம். அது நேரத்தைக் கணக்கிட்டு அணைகிறது, நாலு பிளக்கும் செத்திருந்தாலும் அழகாக எரிந்து அணையும்.

கரண்ட் வருகிறது என்றால், பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, தகட்டைப் பிடிக்கும் சின்ன நட்டுகளைக் கழற்றித் தகட்டை எடுங்கள். அந்த நட்டு கையிலிருந்து நழுவினால் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய் ஒளிந்துவிடும், கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். இனி நாலு பிளக்கும் தனித்தனி. நெகற்றிவ் வயரை மீண்டும் மாட்டுங்கள். ஒரு 21 வாட் இன்டிகேற்றர் பல்ப்பை எடுத்து, அதன் ஒரு வயரைப் பற்றரி பொசிற்றிவில் வைத்து, மற்ற வயரின் நுனியை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் அந்தப் பிளக்குக்குள் கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் அது செத்தது. மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது, நல்ல பிளக் ஒரு ஓம் அளவில்தான் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. மலிவு மீற்றர்களில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே அரை ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நாலில் ஒன்று செத்தால் வன்னிக் குளிருக்கு வண்டி பிடித்துவிடும், கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். இரண்டு செத்தால் நீங்கள் சொன்ன மாதிரி. மூன்று என்றால் விடிய விடிய இழுக்க வேண்டியதுதான். பல்ப் நாலிலும் எரிந்தால் பிளக்கை விடுங்கள், அப்போது இன்ஜெக்டரையும் கொம்பிரசனையும், அதாவது சிலிண்டர் காற்றை அமுக்கும் பலத்தையும்தான் பார்க்க வேண்டும், அதற்குக் கருவி உள்ள ஆள் வேண்டும்.

செத்தது உறுதியானால் கடைக்கு. அதற்கு முன் பழைய பிளக்கின் உடம்பில் அடித்திருக்கும் எண்ணையும் வோல்ட்டையும் எழுதி எடுங்கள், முடிந்தால் செத்த ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே 2சி எஞ்சினுக்கு 6 வோல்ட் வகையும் உண்டு, 11 வோல்ட் அளவிலான வகையும் உண்டு, பார்வைக்கு இரண்டும் சகோதரங்கள் மாதிரி இருக்கும். 6 வோல்ட் பிளக் உள்ள வண்டிகளில் முதலில் முழுக் கரண்டும் போய்ச் சில வினாடியில் குறைக்கப்படும். அந்தப் பிளக்கை 11 வோல்ட் ஏற்பாட்டில் மாட்டினால் சீக்கிரமே எரிந்து போகும், மாறி மாட்டினால் போதிய அளவு சிவக்காது. டவுன் ஏஸுக்கு என்று கேட்டால் கடைக்காரர் இருப்பதை எடுத்துத் தருவார், அவர் மீது பிழையில்லை. கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் வவுனியா, அங்கேயும் இல்லையென்றால் பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கலாம். ஆனால் ஹீற்றர் பிளக்கில் பழைய சாமான் வாங்கவே வேண்டாம். டென்சோ, என்.ஜி.கே. போன்ற பெயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், எழுத்து மங்கி அச்சடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நாலும் ஒரே வயதென்றால் நாலையும் மாற்றுவதுதான் என் வழக்கம், கழற்றியதில் உயிருள்ளதைத் துணியில் சுற்றி வானுக்குள்ளேயே வைத்திருப்பேன்.

கழற்றுவது. இந்த இடத்தைத் தயவுசெய்து மெதுவாக வாசியுங்கள், இந்த வேலையில் ஆபத்து முழுவதும் இங்கேதான். பிளக்கின் மரை பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் தடிப்பு, உள்ளே வெறும் குழாய். பல வருடம் கரியும் துருவும் பிடித்து ஹெட்டோடு ஒட்டிப்போயிருக்கும். அந்த அளவுப் பிளக் 35 நியூட்டன் மீற்றர் அளவு முறுக்கில் முறியும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. கையில் உள்ள ரட்செட்டின் நீளம் 15 சென்ரிமீற்றர் என்றால், அந்த முறுக்கு வர 24 கிலோ அளவில் தள்ள வேண்டும், அவ்வளவு தள்ளும்போது கையே எச்சரிக்கும். இறுகிவிட்டது என்று ஓர் அடிக் குழாயை மாட்டினீர்களோ, அதே முறுக்குக்கு 8 கிலோ போதும். கைக்கு ஒன்றுமே தெரியாது, டக் என்று ஒரு சத்தம்தான் கேட்கும்.

அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். ஏ9 பாதை திறந்து இரண்டு வருடம், எங்கள் வீட்டு லைட் ஏஸ், மூன்று பிளக் சுகமாகக் கழன்றது, நாலாவதுக்குக் குழாயை மாட்டினேன். பாதி என் கையில், பாதி ஹெட்டுக்குள். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து எடுத்து, புதுக் கஸ்கெட் போட்டு ஏற்றும் வரை வான் மூன்று கிழமை நின்றது. அந்த மூன்று கிழமையும் ஐயாவின் மரக்கறி வியாபாரம் நின்றது. அதற்குப் பிறகு இந்த வேலையை எத்தனையோ வண்டிகளில் செய்துவிட்டேன், ஒன்றுகூட முறியவில்லை, செய்முறையை மாற்றியதால்தான்.

முதல் நாள் பின்னேரம், பிளக்கைச் சுற்றி இருக்கும் புழுதியைப் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதி எடுங்கள். எங்கள் செம்மண் புழுதி மாவு மாதிரி எல்லா இடுக்கிலும் இருக்கும், பிளக் கழன்றதும் அது நேரே எஞ்சினுக்குள் விழும். பிறகு மரை தொடங்கும் இடத்தில் டபிள்யூ.டி. 40 மாதிரி ஊறும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் எப்படியாவது எஞ்சினைப் பிடிக்க வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், கை வைக்கக்கூடிய இளஞ்சூடு வரட்டும். பற்றரி நெகற்றிவைக் கழற்றுங்கள். ஆழமான சொக்கெட், பெரும்பாலும் 12 மில்லிமீற்றர், பிளக்கின் தலையில் நேராக உட்கார வேண்டும், சாய்ந்தால் முறியும். குட்டையான ரட்செட்டால் மெல்ல இழுங்கள். கொஞ்சம் அசைந்து நின்றால் பலம் கூட்டாதீர்கள், கால் சுற்று திரும்ப இறுக்குங்கள், மறுபடி எண்ணெய் அடியுங்கள், மறுபடி கழற்றுங்கள். ஒரு பிளக்குக்கு அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. அசையவே மறுத்தால் அந்த ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள், மற்ற மூன்றும் புதிதென்றால் வான் பிடிக்கும். ஒட்டிப்போனதை அனுபவம் உள்ளவர் பார்க்கட்டும், அதற்குக் கொடுக்கும் கூலி ஹெட் இறக்கும் செலவுக்குப் பக்கத்திலும் வராது.

இன்னொன்று, மரை முழுக்கக் கழன்ற பிறகும் பிளக் வெளியே வராமல் இழுத்தால் நுனி வீங்கியிருக்கலாம். குறட்டால் பிடுங்கக் கூடாது, நுனி உடைந்து அறைக்குள் விழுந்துவிடும். மெல்ல இப்படியும் அப்படியும் சுழற்றி, எண்ணெய் விட்டு, பொறுமையாக எடுக்க வேண்டும்.

புதியதை மாட்டுவது சுகம். மாட்ட முன் ஒரு தரம் சோதிக்க ஆசையென்றால், குறட்டில் பிடித்து, ஜம்ப் வயரால் உடம்பை நெகற்றிவிலும் தலையைப் பொசிற்றிவிலும் கொடுத்தால் சில வினாடியில் நுனி செஞ்சிவப்பாகும். 6 வோல்ட் வகைக்கு இரண்டு மூன்று வினாடிக்கு மேல் கொடுக்காதீர்கள், முகத்துக்குக் கிட்டவும் பிடிக்காதீர்கள். பிறகு மரையில் மட்டும் மெல்லியதாகக் கொப்பர் கிரீஸ் பூசி, விரலாலேயே முழுக்கத் திருப்புங்கள். விரலுக்குப் போகவில்லை என்றால் மரை பிசகிவிட்டது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். கடைசி இறுக்கம் 13 நியூட்டன் மீற்றர் அளவு போதும், அதே 15 சென்ரிமீற்றர் ரட்செட்டில் 9 கிலோ தள்ளல். தகட்டை மணல் கடதாசியால் தேய்த்துப் பளபளப்பாக்கி ஏற்றுங்கள், மேல் நட்டை மிக மெதுவாக இறுக்குங்கள், அந்தத் தண்டு பென்சில் அளவுகூட இல்லை.

உங்கள் வானில் டாஷ்போர்டுக்குக் கீழே யாராவது கை சுவிட்ச் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தானியங்கி ஏற்பாடு பழுதானதும் பழைய டொயோட்டாக்களில் அமுக்கும் பட்டன் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். நாலு பிளக்கும் சேர்ந்து தொடக்கத்தில் 50 அம்பியர் அளவில் இழுக்கும், அந்தப் பட்டன் றிலே வழியாகப் போகாமல் நேரே போயிருந்தால் வயர் உருகும், சீட்டுக்குக் கீழே தீ என்பது விளையாட்டல்ல. றிலே இருந்தாலும் அரை நிமிடமாக அமுக்கிப் பிடிக்கும் பழக்கம் பிளக்கைத் தின்றுவிடும். 11 வோல்ட் வகைக்குப் பத்துப் பதினைந்து வினாடி போதும். 6 வோல்ட் வகைக்கு இந்தப் பட்டனே ஆகாது.

பிடிக்காத காலையில் காற்று வடிகட்டியில் பெற்றோல் துணியை வைத்து இழுப்பதும், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினுக்கு அதைச் செய்யவே வேண்டாம். சிவந்த பிளக்கில் பட்டு பிஸ்டன் மேலே வர முன்பே வெடிக்கும், றிங் உடையும், பிஸ்டனும் போகும். 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்தும் விலை எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. கையில் இருக்கும் 2சியைக் காப்பாற்றுவதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை.

பம்ப் ரைமிங் (டீசல் பாயும் நேரத்தைச் சரிபார்ப்பது), பம்புக்குள் உள்ள வேலை, இன்ஜெக்டர் அழுத்தம், இவற்றில் மட்டும் வீட்டில் கைவைக்காதீர்கள். பம்பைச் சோதிக்க மேசைக் கருவி வேண்டும், ரைமிங் வைக்க டயல் மானி வேண்டும். ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயில் கசிவு தேடி விரலை வைப்பதும் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

இன்றைக்குப் பின்னேரம் பல்ப்பை வைத்துப் பார்த்துவிட்டு நாலில் எத்தனை எரிகிறது, பழைய பிளக்கில் எத்தனை வோல்ட் என்று அடித்திருக்கிறது, காலையில் கை பம்ப் எத்தனை அமுக்கில் இறுகுகிறது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை கராஜுக்கு முற்பணம் ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்.